முதலில் பார்த்தது யார்

அவளை நேரில் பார்ப்பதற்கு முன்பே அவளுடைய மார்புச் சுற்று எனக்குத் தெரியும். முப்பத்தாறு. தோள் பதினாலு, கை நீளம் பத்து, பின் கழுத்து ஆறுக்கு மேல் இறங்கக் கூடாது. நான் மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னாலிருக்கும் ஒரு சந்தில், வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறவள். என் வீட்டுக்காரர் தி. நகரில் ஒரு பட்டுப் புடவைக் கடையில் முப்பத்தோரு வருஷமாகப் புடவை எடுத்துப் போடுகிறவர். வாங்க வரும் பெண்கள் நல்ல டெய்லர் யாராவது உண்டா என்று அவரையே கேட்பார்கள். அவர் துணியையும் அளவுக்கு ஒரு பழைய ஜாக்கெட்டையும் வாங்கி வந்து என் மெஷின் மேல் வைப்பார். அந்த அளவு ஜாக்கெட்டுகளை வைத்தே பாதி சென்னையின் முதுகு எனக்குப் பழக்கம். ஆளைப் பார்க்க வேண்டிய அவசியமே வராது.

எனக்குப் பொறாமை அதிகம். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை, கட்டிக்கொண்டவரின் வேலை அப்படி. பெண்களைப் பார்த்துச் சிரிப்பதுதான் அவருக்கு உத்தியோகம். புடவையை ஒரு உதறு உதறி, கொசுவத்தை இடது கையில் விரித்து, முந்தியைத் தன் தோளிலேயே போட்டுக் காட்டுவார். கல்யாணமான புதிதில் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் கடைக்குப் போய்த் தூண் ஓரமாக நின்று பார்த்தேன். யாரோ ஒரு அம்மாளிடம், "அக்கா, இத்தக் கட்டிக்கினா வூட்ல லைட்டே போட வேணாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கு வீட்டில் நான் சமைக்கவில்லை. காரணமும் சொல்லவில்லை. பட்டினி கிடந்த மனிதர் மறுநாள் காலை ஒரு முழம் பூ வாங்கி வந்து வைத்தார், எதற்கு என்று அவருக்கே தெரியாது.

இப்படியே காலம் ஓடியது. பெண்ணைக் கட்டிக்கொடுத்தோம், அவள் ஓசூரில் இருக்கிறாள். எனக்கு ஐம்பத்தைந்து, அவருக்கு அறுபது நெருங்கியது. இனிமேல் எவள் வந்து கொத்திக்கொண்டு போகப் போகிறாள் என்று நானும் கொஞ்சம் அசந்திருந்தேன். அப்போதுதான் இந்த முப்பத்தாறு வர ஆரம்பித்தது.

முதல் தடவை ஒரு கல்யாணத்துக்கு என்றார். சரி. அடுத்த மாதமும் அதே அளவு ஜாக்கெட், மடிப்புக் கலையாமல், மடித்த காகிதப் பையில். அதற்கடுத்த மாதமும். விசேஷமே இல்லாத மார்கழியில்கூட ஒன்று வந்தது. எந்த வீட்டில் மாதத்துக்கு ஒரு ஜாக்கெட் தைக்கிறார்கள்?

"யாருங்க இந்தம்மா?"

"கஸ்டமரு. அடையாறு."

"மாசா மாசம் இன்னாத்துக்கு ஜாக்கெட்டு?"

"அவங்க துணி, அவங்க தைக்கிறாங்க. உனுக்கு இன்னா?"

அவருடைய குரல் வர வர அடங்கிப்போயிருந்தது. அதுவே எனக்கு உறுத்தல். முப்பது வருஷமாகக் கடை இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை அது; வீட்டில் பேசினால் எதிர்வீட்டுக்காரர் பதில் சொல்வார். இப்போது போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய் முணுமுணுவென்று பேசினார். ஏன் ரகசியம் பேசுகிறீர்கள் என்றால், சாதாரணமாகத்தான் பேசினேன் என்றார், அதையும் ரகசியமாகவே சொன்னார்.

ஒன்றைப் பார்த்துவிட்டால் மற்றதெல்லாம், முன்பு நடந்ததுகூட, தானாகக் கண்ணில் படும். சித்திரை மாதம் குண்டு மல்லி நிறைய வரும். நான் தலையில் வைத்துக்கொண்டு நின்றால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "இன்னிக்கு குண்டு மல்லியா" என்பார். முப்பத்தாறு வருவதற்கு முந்தின வருஷமே பக்கத்தில் வந்து சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். இன்னொரு நாள் அடுப்பில் பால் பொங்கிக் கருகி, நான் மொட்டை மாடியிலிருந்து மோப்பம் பிடித்து ஓடி வருகிறேன், அவர் சமையலறை வாசலிலேயே உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருக்கிறார். மனசு வேறெங்கோ இருந்தால்தானே மூக்கும் வேலை செய்யாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதுவும் போகட்டும். இடது கையை என்னிடமிருந்து ஒளிக்க ஆரம்பித்தார். உட்கார்ந்தால் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வார், நின்றால் பேண்ட் பையில். மாட வீதியில் நடந்து வரும்போது பின்னாலிருந்து பார்த்திருக்கிறேன். வலது கை எல்லார் கையையும் போல முன்னும் பின்னும் போய் வரும், இடது கை மட்டும் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். யாருடைய கையையோ பிடித்துக்கொண்டு நடப்பவர் மாதிரி இருந்தது. கூட நடந்தால் நான்தான் முன்னால் போய்விடுவேன், அவர் பின்தங்கிவிடுவார். என்னோடு சேர்ந்து நடக்க வெட்கம் போலிருக்கிறது என்று கடித்தேன்.

சிரிப்பும் நின்றது. அதுதான் பெரிய வலி. எனக்கு நகை நட்டு எதுவும் பெரிதில்லை, அந்தச் சிரிப்பு என் பங்கு என்று நினைத்திருந்தவள் நான். கடையில் ஆயிரம் பேருக்குச் சிரித்தாலும் வீட்டுக்கு வந்து ஒன்று மிச்சம் வைத்திருப்பார். இப்போது சுவரைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். கண்கூட அதிகம் இமைக்கவில்லை. மொத்தத்தையும் அவளிடமே கொட்டிவிட்டு வருகிறார் என்றுதான் முடிவுகட்டினேன்.

தைக்க வந்த துணிகளின் அளவெல்லாம் நான் ஒரு நீள நோட்டில் எழுதி வைப்பேன். அதன் பின்பக்கத்தைத் திருப்பி இதையெல்லாம் எழுத ஆரம்பித்தேன். தேதி போட்டேன், தேதி மறந்தால் பண்டிகையைப் போட்டேன். பால் கருகியது. சட்டைப் பட்டன் போடக் கால்மணி நேரம். ஜாக்கெட் பையில் ஒட்டும் சீட்டில் பெயரை எறும்பு மாதிரி எழுதுகிறார், எனக்குப் புரியக் கூடாதென்று. தூக்கத்தில் "வுடுறா, வுடுறா" என்று கத்திக் காலால் உதைக்கிறார், ஒரு தடவை என் தாடையில் பட்டது, எவளுக்காக எவனோடு சண்டையோ. அன்றிலிருந்து நான் மெஷின் பக்கத்தில் பாய் போட்டுக்கொண்டேன். பக்கத்தின் தலையில் ஒரு தலைப்பும் எழுதியிருந்தேன். "ஆதாரம்" என்று.

புரட்டாசியில் கடையில் அவரைப் பட்டுப் பிரிவிலிருந்து கீழே வேட்டி துண்டுப் பிரிவுக்கு மாற்றினார்கள். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்கிறார், மடிக்க நேரமாகிறது என்று வாடிக்கையாளர்கள் சொன்னார்களாம். முப்பத்தோரு வருஷம் நின்ற இடம். அவர் அதை என்னிடம் சொன்னபோது எனக்கு ஆனந்தமாக இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். வேட்டி வாங்க ஆம்பிளைகள்தானே வருவார்கள் என்று நினைத்தேன்.

அப்படியும் முப்பத்தாறு நிற்கவில்லை. அடுத்த மாதமும் காகிதப் பை வந்தது. அன்றைக்குத்தான் நான் ஒரு காரியம் செய்தேன். டெய்லர்களுக்கு மட்டுமே தெரிந்த துரோகம் அது. வேண்டுமென்றே அக்குளில் அரை அங்குலம் பிடித்துத் தைத்தேன். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. போட்டால் கை பாதியில் சிக்கிக்கொள்ளும். போட முடியாத ஜாக்கெட்டை யாரும் ஆள் மூலம் திருப்பி அனுப்ப மாட்டார்கள், எங்கே பிடிக்கிறதென்று காட்டத் தானே நேரில் வர வேண்டும். வரட்டும், முகத்தைப் பார்த்துவிடுகிறேன் என்று காத்திருந்தேன்.

ஒரு வியாழக்கிழமை முற்பகல் வந்தாள். அவர் கடைக்குப் போயிருந்தார். படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு, கதவைப் பிடித்தபடி நின்றவளுக்கு எழுபதுக்குக் குறையாது. வெள்ளைத் தலை, தடித்த கண்ணாடி, கழுத்தில் ஒரு மெல்லிய சங்கிலி. நான் மனசுக்குள் உடுத்தி வைத்திருந்த ஆள் வேறு.

"கையே உள்ள போகலைம்மா. உங்க மேல தப்பில்ல, நான்தான் ஊதிண்டே போறேன்" என்றாள்.

டேப்பை எடுத்துக்கொண்டு அவளைத் திரும்பச் சொன்னேன். கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். அவள் அக்குளைச் சுற்றி டேப் பிடித்திருக்கும்போதே கேட்டாள்.

"உங்காத்துக்காரர் எப்படி இருக்கார்? டாக்டர்கிட்ட வர ஒத்துண்டாரா?"

"எந்த டாக்டரு?"

கை மெதுவாக இறங்கியது. திரும்பி என்னைப் பார்த்தாள். "இன்னும் உங்ககிட்ட சொல்லலையா அவர்?"

பிறகு மெஷின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. தம்பி பேத்தி கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போயிருக்கிறாள். இவர் எடுத்துப் போடும்போது இடது கை கொசுவத்தை விரிக்காமல் சுணங்கியிருக்கிறது. மடியில் வைத்தபோது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவது போல் ஆடியிருக்கின்றன. முகத்தில் அசைவில்லை. அவள் புருஷனுக்குப் பதினோரு வருஷம் இதே நோய். அதனால் பார்த்தவுடனே புரிந்துவிட்டது என்றாள். இவரைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறாள். இவர் கையெடுத்துக் கும்பிட்டு, வீட்டில் மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்றாராம்.

"கடைக்குப் போய் விசாரிக்க ஒரு சாக்கு வேணுமே. அதான் ஜாக்கெட்டா குடுத்துண்டு இருந்தேன். பீரோல புதுசு பதினாலு கிடக்கு. நான் மாத்தி மாத்திக் கட்டறதே நாலு புடவை." சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. "சனிக்கிழமைக்கு அடையாறுல ஒரு டாக்டர்கிட்ட நேரம் வாங்கிட்டேன். இந்தத் தடவை அவரை விடப் போறதில்லை. நீங்க கட்டாயம் கூட வரணும். கூட இருக்கறவா சொன்னாத்தான் டாக்டருக்கு விளங்கும்."

அவருக்கு வேறொருத்தி இல்லை. ஒரு நிமிஷம் நெஞ்சு லேசானது. அடுத்த நிமிஷம் முன்பைவிட மோசமாக எரிந்தது. ஒரு வருஷம்! என் வீட்டு மனிதருக்கு உடம்பு சரியில்லை என்று அடையாறில் யாரோ ஒரு அம்மாளுக்குத் தெரிந்திருக்கிறது, கூடப் படுத்து எழுந்த எனக்குத் தெரியவில்லை. வேறு மாதிரி உறவாக இருந்திருந்தால் தலைமுடியைப் பிடித்துச் சண்டையாவது போட்டிருப்பேன். இவளிடம் எதைச் சொல்லிச் சண்டை போடுவது? நல்லது செய்தவள். எனக்கு அவளைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஜாக்கெட்டைப் பிரித்துத் தளர்த்தித் தைத்துக் கையில் கொடுத்தேன். அந்த அரை அங்குலத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை.

சனிக்கிழமை அவரோடு ஆட்டோவில் போனேன். மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளங்களைச் சுற்றிச் சுற்றி அடையாறு போய்ச் சேர ஒரு மணி நேரம். அவள் எங்களுக்கு முன்பே வந்து வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் தன் பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்தாள். நான் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

டாக்டரும் ஒரு பெண். நாற்பத்தைந்து வயதிருக்கும். எங்கள் முறை வந்ததும் அவளே எழுந்து வந்து கதவைத் திறந்து, நடையின் அந்தக் கோடியிலிருந்து அவரை உள்ளே வரச் சொன்னாள். வந்து உட்காரும் வரை ஒன்றும் கேட்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். மரியாதைக்கு எழுந்து வந்தாள் என்று நினைத்தேன். பரிசோதனை அங்கேயே ஆரம்பித்துவிட்டது எனக்குத் தெரியாது. வெள்ளைத் தலை வெளியிலேயே உட்கார்ந்துகொண்டாள், அதற்கு அவளுக்கு ஒரு நன்றி.

"முதல்ல யார் கவனிச்சது?" என்று டாக்டர் கேட்டாள்.

"ஒரு கஸ்டமரு மேடம்" என்றார் அவர்.

எனக்குத் தலை கொதித்தது. "நான்தான்" என்றேன்.

டாக்டர் என் பக்கம் திரும்பினாள். எப்போதிலிருந்து என்று கேட்டாள். நான் பையிலிருந்து நோட்டை எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்பினேன்.

வாசனை தெரிகிறதா அவருக்கு? போன வருஷத்துக்கு முந்தின சித்திரையிலிருந்து மல்லிப்பூ தெரியவில்லை, அந்த ஆனியில் பால் கருகியது தெரியவில்லை. தூக்கம் எப்படி? கத்துகிறார், உதைக்கிறார், அது மற்ற எல்லாவற்றுக்கும் முன்னாலேயே ஆரம்பித்தது, நான்கு வருஷம் இருக்கும். குரல்? அடங்கிப்போய்விட்டது, ஆவணியிலிருந்து. கையெழுத்து? சிறுத்துவிட்டது. மலச்சிக்கல்? அதுவும் எழுதி வைத்திருந்தேன், எதற்காக எழுதினேன் என்று கேட்காதீர்கள். எந்தப் பக்கம் முதலில்? இடது. எல்லாமே இடது. அவள் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, கேள்வித்தாளை முன்கூட்டியே பார்த்த பெண் மாதிரி நான் பதில் சொல்லிக்கொண்டே போனேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"இவ்வளவு தெளிவா யாருமே சொல்ல மாட்டாங்கம்மா. கூடவே இருக்கறவங்களுக்குக் கண்ணுல படாது. எதுக்காக இதெல்லாம் எழுதி வச்சீங்க?"

"சும்மாதான்."

"குடுங்க, நான் ஒரு தடவை பாத்துக்கறேன்."

"என் கையெழுத்து உங்களுக்குப் புரியாது மேடம்" என்று நோட்டை மடக்கிவிட்டேன். மடக்கும் அந்த நொடியில் அவர் எட்டிப் பார்த்தார். தலைப்பு அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் கோபமா வருத்தமா என்று எதுவும் தெரியவில்லை, எதுவும் தெரியாத முகமாக அது மாறித்தான் பல நாள் ஆகியிருந்தது.

பிறகு டாக்டர் அவரைப் பாடாய்ப் படுத்தினாள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வேகமாகத் தட்டச் சொன்னாள். வலது கை தட்டியது, இடது கை நாலு தட்டிலேயே சுருங்கி, தயங்கி, நின்று, மறுபடி ஆரம்பித்தது. கையை மூடித் திறக்கச் சொன்னாள், குதிகாலைத் தரையில் தட்டச் சொன்னாள். மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகச் சுழற்றினாள். பல்சக்கரம் சுற்றும்போது தடுக்குமே, அந்த மாதிரி உள்ளே இறுக்கமாக இருக்கிறது என்றாள், என் கையை எடுத்து அவர் மணிக்கட்டில் வைத்துக் காட்டினாள். டக், டக், டக் என்று விட்டு விட்டு வந்தது. ஒரே வரியைத் தாள் முழுக்க எழுதச் சொன்னாள். கீழே போகப் போக எழுத்து தேய்ந்துகொண்டே போயிற்று. நடையில் போய்த் திரும்பி வரச் சொன்னாள். திரும்ப அவருக்கு ஆறேழு சின்ன அடி தேவைப்பட்டது. பின்னால் நின்றுகொண்டு, இழுக்கப் போகிறேன், விழாமல் நில்லுங்கள் என்று சொல்லித் தோளைப் பிடித்து இழுத்தாள். ஒரு எட்டுப் பின்னால் வைத்துச் சமாளித்தார். நான் பதறி எழுந்துவிட்டேன்.

கடைசியில் இரண்டு கையையும் மடியில் தளர்வாக வைக்கச் சொல்லி, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்லச் சொன்னாள். தொண்ணூற்று மூன்று என்றார். எண்பத்தாறு என்றார். கை ஆட ஆரம்பித்தது. நான் கண்ணெடுக்காமல் பார்த்தேன். எழுபத்தொன்பதுக்கு வரும்போது அந்தக் கை, அதுபாட்டுக்கு, அவருக்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு உயிர் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.

"ரத்தத்துல தெரியாதா மேடம்?" என்றேன்.

"இதுக்குன்னு ரத்தப் பரிசோதனை கிடையாதும்மா. தலைக்கு ஒரு ஸ்கேன் எழுதறேன், அது வேற எதுவும் இல்லைன்னு தெரிஞ்சுக்கறதுக்குத்தான். தலைசுத்தல், வாந்தி, மனசுக்குன்னு மாத்திரை ஏதாவது தொடர்ந்து சாப்பிட்டாரா? சில மாத்திரையாலயும் இப்படி வரும்." இல்லை என்றேன். "அப்போ பார்க்கின்சன்தான்னு தோணுது. இதை நாங்க கேட்டும் பாத்தும்தான் சொல்றோம். ஒரு மாத்திரை தர்றேன், கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும். உடம்பு அதுக்கு நல்லா கேட்டுச்சுன்னா, நாம சொன்னது சரிங்கறதுக்கு அதுவும் ஒரு அடையாளம். நடுக்கம் மட்டும் கடைசியாத்தான் அடங்கும், சில பேருக்கு முழுசா அடங்காது."

பார்த்துத்தான் சொல்கிறார்கள். அந்தப் பேச்சு எனக்குத் தைத்தது. டாக்டர் அரைமணி நேரம் பார்த்தாள், சொன்னாள். வெளியே உட்கார்ந்திருக்கிறவள் ஒரு புடவை எடுத்துப் போடும் நேரம் பார்த்தாள், சொன்னாள். நான் இரண்டு வருஷம் பார்த்தேன். எதையும் விடவில்லை. நாளும் கிழமையும் போட்டு எழுதிவைத்துக்கொண்டு, கட்டின புருஷனைக் கள்ளன் என்றேன்.

வெளியே வந்ததும் அவள் எழுந்து வந்து அவர் கையைத்தான் முதலில் பிடித்தாள். என்ன சொன்னார்கள் என்று அவரிடம்தான் கேட்டாள். அவரும் சொன்னார். பிறகு அவள் வீடு பக்கம்தான் என்று நடந்து போய்விட்டாள். நாங்கள் இருவரும் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தோம். அங்கே எனக்கு அடக்க முடியவில்லை.

"அவங்களாண்ட சொல்ல வாய் வந்துது. என்னாண்ட ஒரு வார்த்த சொல்ல வாய் வரலியா?"

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நோட்டுல இன்னா எழுதிக்கீற நீ?"

"ஒண்ணுமில்ல."

"பாத்தேன். அறுவது வயசுல என்னாண்ட எவ வருவா?"

"பேச்ச மாத்தாதீங்க. ஏன் சொல்லல?"

ஒரு பஸ் வந்து நின்று போனது. எங்களுடையதுதான். இருவரும் எழவில்லை.

"நீ பாத்துக்கினே கீற" என்றார். "எப்பப் பாத்தாலும் பாத்துக்கினே கீற. சாப்பிட்டா பாக்குற, சட்ட போட்டா பாக்குற. நீ பாத்தா இது இன்னும் ஜாஸ்தி ஆடுது. நிறுத்தணும்னு நெனச்சா அதுக்கும் ஆடுது. அந்தம்மா எங்கையாண்ட பாக்கவே மாட்டாங்க. புடவையப் பாத்துக்கினே பேசுவாங்க. அவங்க வந்துட்டுப் போற வரிக்கும் கை சும்மா இருக்கும்." இடது கையைத் தொடைக்கு அடியில் தள்ளிக்கொண்டார். "உன்னாண்ட சொன்னா நீ இன்னும் பாப்ப. அதான்."

நடுக்கம் மனப் பதற்றத்தில் கூடும் என்று டாக்டரும் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். பதினோரு வருஷம் ஒருவரை வைத்துப் பார்த்துக்கொண்டவளுக்கு, எங்கே பார்க்கக் கூடாது என்று தெரிந்திருக்கிறது. எனக்கு அவள் மேலிருந்த எரிச்சல் குறைந்துவிட்டது என்று சொன்னால் பொய். கூடித்தான் போயிற்று. அவளுக்குத் தெரிந்த அந்த ஒன்று எனக்குத் தெரியவில்லையே என்று அடிவயிற்றிலிருந்து எரிந்தது.

ஸ்கேனில் வேறொன்றுமில்லை. மாத்திரை ஆரம்பித்த முதல் வாரம் குமட்டலும் தூக்கமுமாகப் போனது. மூன்றாவது வாரம் பட்டனைத் தானே போட்டார். அதற்கடுத்து, ஜாக்கெட் பைச் சீட்டில் எழுதிய பெயர் மெஷினிலிருந்தே எனக்குப் படிக்கத் தெரிந்தது. மறுபடி போனபோது, நடையில் நடக்கவிட்டுப் பார்த்த டாக்டர், இனிமேல் சந்தேகம் இல்லை என்றாள். நல்ல செய்தி மாதிரி சொன்னாள். ஒரு விதத்தில் அது நல்ல செய்திதான் என்று அவளே விளக்கவும் செய்தாள். கை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

நான் மெஷினைத் திருப்பிப் போட்டேன். கூடத்தைப் பார்த்திருந்ததைச் சுவரைப் பார்க்க வைத்தேன். வெளிச்சம் போதவில்லை, இடது தோள் மறைக்கிறது, ஊசியில் நூல் கோக்க இரண்டு தடவை எழ வேண்டியிருக்கிறது. இருக்கட்டும். அவர் சாப்பிடும்போது நான் பாத்திரம் தேய்க்கிறேன். டீ குடிக்கும்போது வாசலுக்குப் போய்விடுகிறேன். முப்பது வருஷத்துக் கண் அது, சொன்ன பேச்சைக் கேட்காது. ஓரமாகத் திரும்பப் பார்க்கும், நான் பிடித்து இழுத்துக்கொள்வேன். மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டார், எத்தனை மணிக்கு உடம்பு இளகியது என்று எழுதச் சொல்லியிருக்கிறாள் டாக்டர். அதை அவரையே கேட்டு எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வந்தாள். அவர் டி.வி.யில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார், சத்தம் பெரிதாக வைத்திருந்தார். வாங்க என்று சொல்லிவிட்டு நான் மெஷினுக்கே திரும்பிவிட்டேன், அவசரமாக ஒரு ஜாக்கெட் கொடுக்க வேண்டியிருந்தது. எனக்குப் பின்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவருக்கு எதிராக உட்கார்ந்துகொண்டாள். யார் ஜெயிக்கிறார்கள் என்று கேட்டாள். அவர் ஏதோ சொன்னார். பிறகு அவள் என் பக்கம் குனிந்து, அவருக்குக் கேட்காமல் சொன்னாள்.

"மடியிலதான் வச்சுண்டிருக்கார்."

"எத்த?"

"இடது கையை. நான் வந்ததுலேர்ந்து ஆடவே இல்லை."

என் கால் மிதியில் நின்றுவிட்டது. உடனே மறுபடி மிதித்தேன், மெஷின் நின்றால் அவர் இந்தப் பக்கம் பார்ப்பார். துணி தீர்ந்துபோய் ஊசி வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது. நாலடி பின்னால் இருக்கிறது அந்தக் கை. கழுத்தைக் கொஞ்சம் திருப்பினால் போதும். என் வீட்டுக்காரர் கையை அவருக்கே தெரியாமல் அவள் பார்க்கிறாள், எத்தனை நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம் அவள், அது ஆடாது. எனக்கு அழுகை வந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"இன்னும் நிக்குதாம்மா?"

"நிக்கறது" என்றாள்.